மாம்பூ கருகலை முன்கூட்டியே கணிக்க முடியுமா? பீடோங் பக்கம் மா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி

லயத்துக்கொல்லை, பீடோங்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிற்கு வெளியே பழைய எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது அப்பா வாங்கிப் போட்ட நிலத்தில் மா வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் ஹருமானிஸ் ரகம், மறுபக்கம் சொக்கனான் ரகம். பூ எடுக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். பூங்கொத்து விரிந்திருக்கும் நேரத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு சாயங்கால மழை பிடித்துவிட்டால் போதும், காம்பில் குண்டூசித் தலை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அப்புறம் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கொத்தே கருகி, கை பட்டாலே பொடிப்பொடியாக உதிரும்.

கடைக்காரர் சொன்னபடி வாரம் ஒரு தடவை மருந்து அடிக்கிறோம். அடித்த வாரத்திலும் கருகுகிறது, அடிக்காத வாரத்தில் தப்பிக்கவும் செய்கிறது. என்ன கணக்கு என்றே பிடிபடவில்லை.

சித்தி மகன் ஒருவன் ஆஸ்திரேலியாவில், ஷெப்பர்டன் பக்கம் பீச், பிளம்ஸ் தோட்டத்தில் வேலை செய்கிறான். அங்கே தோட்டத்துக்கு நடுவில் ஒரு கம்பத்தில் கருவி வைத்திருக்கிறார்களாம். இலை எவ்வளவு நேரம் நனைந்திருந்தது, அப்போது என்ன வெப்பம் என்று அது கணக்குப் போட்டு, நோய் ஏறுகிற நாள் என்றால் முதலாளியின் போனுக்குச் செய்தி அனுப்புமாம். அதைப் பார்த்துத்தான் டிராக்டர் கிளம்புமாம். இந்த முறையை நம் ஊருக்குக் கொண்டு வர முடியுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?


செம்மண்ரோடு, சுங்கைப்பட்டாணி

எனக்கும் இதே கேள்விதான். வீட்டுக்குப் பின்னால் நாலு மரம் வைத்திருப்பவர்களுக்கும் உதவுகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.


முர்ரேகரை, விக்டோரியா

தம்பி, நான் பேராக்கில் எஸ்டேட்டில் பிறந்தவன். இப்போது ஷெப்பர்டன் இருக்கிற கோல்பர்ன் பள்ளத்தாக்கில் பீச், நெக்டரின் தோட்டத்தில் மருந்தடிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். உங்கள் சித்தி மகன் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கருவி என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால்தான் பயன்.

இங்கே எங்களுக்கு முதல் எதிரி பழுப்பு அழுகல் நோய். மோனிலினியா என்ற பூஞ்சணம். ஆகஸ்ட், செப்டம்பரில் பீச் பூக்கும்போது பூவைக் கருக்கும். காய் பச்சையாக இருக்கும்போதே தோலுக்குள் நுழைந்து சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். பழம் பழுக்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது வெளியே வரும். முதலில் ஒரு காசு அளவுக்குப் பழுப்பு வட்டம், ஓரிரு நாளில் பழம் முழுக்கச் சாம்பல் நிறத் தூள். அந்தத் தூள் அத்தனையும் வித்து, அதாவது பூஞ்சணம் பரவுகிற விதை மாதிரி. பக்கத்துப் பழத்தில் பட்டால் அதுவும் போச்சு. பழத்தைக் குடைகிற கார்ப்போபிலஸ் என்கிற சின்ன வண்டு வேறு உடம்பில் வித்தைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் போகும்.

கணிப்பின் அடிப்படை இதுதான்: வித்து முளைத்து உள்ளே நுழைய ஈரம் வேண்டும், வெப்பமும் வேண்டும். 25 டிகிரி வாக்கில் பூ 5 மணி நேரம் நனைந்திருந்தாலே நோய் ஏறிவிடும். 10 டிகிரி என்றால் 18 மணி நேரம் போல ஈரம் நிற்க வேண்டும். இந்த மாதிரி வெப்பத்தையும் ஈர நேரத்தையும் சேர்த்து அட்டவணை போடும் பழக்கம் ஆப்பிளில் தொடங்கியது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து மில்ஸ் என்பவர் 1944இல் ஆப்பிள் சொறி நோய்க்குப் போட்ட அட்டவணையை வைத்துத்தான் பின்னால் வந்த பல கருவிகள் வளர்ந்தன.

கம்பத்தில் இருப்பது இலை ஈரமானி. ஒரு தட்டையான பலகை, இலை போலச் சாய்த்து வைத்திருப்பார்கள். தண்ணீர் படிந்தால் மின்சார அளவு மாறும், அதை வைத்து நேரம் எண்ணும். அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் மரத்தில் பூ இருக்கிறதா, போன வருட நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் நாங்கள் குளிர்காலத்தில் கவாத்து செய்யும்போதே மரத்தில் காய்ந்து தொங்கும் பழங்களை ஒன்று விடாமல் பறித்து அப்புறப்படுத்துகிறோம். அந்தக் காய்ந்த பழத்தில்தான் பூஞ்சணம் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதை விட்டுவிட்டு எத்தனை கருவி வைத்தாலும் வீண்.

இன்னொன்று. எல்லா நோய்க்கும் கணிப்பு தேவைப்படாது. பீச்சில் இலைச்சுருட்டு நோய் இருக்கிறது. மொட்டு வீங்குவதற்கு முன்னால் செம்பு மருந்து அடித்துவிட்டால் சரி. மொட்டு திறந்த பிறகு என்ன அடித்தாலும் அந்த வருடத்துக்கு ஒன்றும் ஆகாது.

2010, 2011 கோடையில் லா நினா என்கிற வானிலைப் போக்கு வந்து, மழை விடாமல் பெய்தபோது இந்தப் பக்கம் பழுப்பு அழுகலால் ரொம்பப் பேர் நஷ்டப்பட்டார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் கருவி தினமும் எச்சரிக்கைதான் கொடுக்கும். மழை விட்டு விட்டுப் பெய்கிற சாதாரண வருடத்தில்தான் அது காசை மிச்சப்படுத்தும்.


கெடாகிராணி, குரூண்

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. தெளிவாகச் சொன்னீர்கள். நான் எஸ்டேட்டில் வெளிவேலைக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஜெராய் மலை அடிவாரத்தில் மா, கொஞ்சம் கித்தா (ரப்பர்). தம்பிக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்: கருவியை அப்படியே இங்கே கொண்டு வந்து நட்டால் ஏமாற்றம்தான். முறையைக் கொண்டு வரலாம்.

காரணம் இது. விக்டோரியாவில் வெப்பம் 8 டிகிரிக்கும் போகும், 30க்கும் போகும். அதனால் வெப்பம் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. நம்மிடம் ராத்திரி 23, 24. பகலில் 32, 33. மாவில் பூவைக் கருக்குவது கொல்லெட்டோட்ரிக்கம் என்ற பூஞ்சணம். அதற்குப் பிடித்த வெப்பமே 25 முதல் 28 வரை. ஆக வருடம் முழுக்க எந்த ராத்திரியும் அதற்கு நல்ல ராத்திரிதான். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டினால் இலை நனைந்ததாக எடுத்துக்கொள் என்று சில கணிப்பு முறைகளில் சொல்வார்கள். நம் ஊரில் அப்படி எடுத்துக்கொண்டால் பெரும்பாலான ராத்திரிகளில் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும். தினமும் அடிக்கிற மணியை யார் கேட்பார்கள்?

அதனால் வெப்பத்தை விட்டுவிடுங்கள். இரண்டே விஷயம் பாருங்கள். மரம் எந்தப் பருவத்தில் இருக்கிறது? மழைக்குப் பிறகு கொத்து எப்போது காய்ந்தது?

மழையின் அளவு மட்டும் எதையும் சொல்லாது. மத்தியானம் 2 மணிக்கு 30 மில்லிமீட்டர் கொட்டுகிறது, 4 மணிக்கு வெயில் வந்து காற்றும் அடிக்கிறது என்றால் 5 மணிக்குக் கொத்து காய்ந்துவிடும். அதே 30 மில்லிமீட்டர் சாயங்காலம் 6 மணிக்குப் பெய்து, ராத்திரி காற்றே இல்லாமல் கிடந்து, அதன்மேல் பனியும் இறங்கினால், மறுநாள் காலை 9, 10 மணிவரை ஈரம் போகாது. முதல் மழையில் மூன்று மணி நேரம், இரண்டாவதில் பதினைந்து மணி நேரம். தம்பி, அடித்த வாரத்தில் கருகியது, அடிக்காத வாரத்தில் தப்பியது என்றீர்களே, பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

கித்தா மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு இது புதிய பாடமே இல்லை. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்ற பிறகு முதல் வேலை பட்டையைத் தொட்டுப் பார்ப்பதுதான். ஈரமாக இருந்தால் கத்தி வைக்க மாட்டார்கள், பால் பட்டை வழியாக வழிந்து வீணாகும், வெட்டுக்காயத்தில் கறுப்புக் கோடு நோயும் ஏறும். எந்த வரிசை சீக்கிரம் காயும், எந்தப் பள்ளத்தில் பத்து மணியானாலும் காயாது என்று என் அம்மாவுக்கு மனப்பாடம். மாமரத்துக்குக் கீழே அதே கண்ணோடு நின்றால் போதும்.

செய்ய வேண்டியது: ஒரு மழைமானி வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. மொட்டு கிளம்பியதிலிருந்து பிஞ்சு கோலிக்குண்டு அளவு ஆகும்வரை, மழை எப்போது தொடங்கியது, எத்தனை மில்லிமீட்டர், மறுநாள் எத்தனை மணிக்குக் கொத்து காய்ந்தது என்று நோட்டில் எழுதுங்கள். வெளிக்கிளையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். மரத்துக்கு உள்ளே, கிழக்கு வெயில் கடைசியாக எட்டுகிற இடத்தில் உள்ள கொத்தைத் தொட்டுப் பாருங்கள்.


லயத்துக்கொல்லை, பீடோங்

ஐயா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். ஜனவரி, பிப்ரவரியில் மழையே இல்லாமல் பனி மட்டும் நன்றாக இறங்குகிறதே, அந்த ஈரத்திலும் நோய் ஏறுமா?


கெடாகிராணி, குரூண்

நல்ல கேள்வி. வித்துக்கு முளைக்கப் பனி போதும். ஆனால் அது இருந்த இடத்திலிருந்து கொத்துக்கு வந்து சேர மழைத்துளி தெறிக்க வேண்டும். காய்ந்த குச்சி, பழைய கருகிய கொத்து, நோய் பட்ட இலை, இவற்றில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் வித்து மழைத்துளி பட்டால்தான் கிளம்பும். அதனால் பனி மட்டும் என்றால் பயம் குறைவு. சாயங்காலம் ஒரு தூறல் விழுந்து அதன் பிறகு பனி இறங்கினால் அந்த ராத்திரியைக் குறித்து வையுங்கள்.

வறண்ட நாளில் கொத்தின்மேல் வெள்ளையாகத் தூள் படிந்தால் அது வேறு நோய், சாம்பல் நோய். அதற்குத் தண்ணீரே தேவையில்லை, தெளிந்த வானமும் குளிர்ந்த ராத்திரியும் போதும். கித்தாவில் இலை உதிர்ந்து பிப்ரவரி, மார்ச்சில் புது இலை தளிர்க்கும்போது வருகிற வெள்ளைத் தூள் நோய்க்கு எஸ்டேட்டில் கந்தகத் தூள் ஊதுவார்களே, இதுவும் அந்த இனம்தான். மாவிலும் தண்ணீரில் கலந்து அடிக்கிற நனையும் கந்தகம் கேட்கும். 32 டிகிரிக்கு மேல் வெயில் ஏறிய நேரத்தில் மட்டும் அடித்துவிடாதீர்கள், பூ வெந்துபோகும்.


தாமான்வாசி, கூலிம்

ஐயாவை மதிக்கிறேன். இருந்தாலும் என் அனுபவம் வேறு. நான் வாரம் தவறாமல் அடிக்கிறேன், எனக்குக் காய் பிடிக்கிறது. பூ இருக்கிற மூன்று நான்கு வாரத்தில் நோட்டு எழுதிக்கொண்டு, காத்திருந்து, ஒரு மழையைத் தவறவிட்டால் வருடமே போச்சு. நாலு தடவை கூடுதலாக அடிக்கிற செலவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேலைக்குப் போகிறவன் தினமும் காலை 9 மணிக்குக் கொத்தைத் தொட்டுப் பார்க்க முடியுமா?


நாற்றங்கால்_அக்கா, சுங்கைப்பட்டாணி

தாமான்வாசி தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூ இருக்கும் காலம் குறைவு, தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. வேலைக்குப் போகிறவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆனால் வாரக் கணக்கு ஏன் கைவிடும் என்பதையும் பாருங்கள். நான் பயிர் நோயியல் படித்தவள், நாற்றங்கால் நடத்துகிறேன், ஒவ்வொரு பருவத்திலும் கருகிய கொத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு யாராவது வந்துவிடுகிறார்கள்.

மேங்கோசெப் மாதிரியான மருந்து இலைமேல் ஒரு படலமாக நின்று வித்து முளைப்பதைத் தடுக்கும். உள்ளே போன பூஞ்சணத்தை அது தொடாது. 25 மில்லிமீட்டர் மழையில் அந்தப் படலம் பாதி போய்விடும், 50 பெய்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது என்று பொதுவாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். நம் பக்கத்துச் சாயங்கால இடிமழை ஒன்றே 50ஐத் தாண்டும். திங்கட்கிழமை அடித்தீர்கள், செவ்வாய்க்கிழமை மழை, அடுத்த திங்கள்வரை மரம் வெறும் மரம்தான். ஆனால் மனத்தில் 'இந்த வாரம் அடித்தாச்சு' என்று ஒரு தைரியம். அந்தத் தைரியம்தான் ஆபத்து. மழையே இல்லாத வாரத்தில் அடித்ததோ வீண் செலவு.

மழைமானியை வேலை முடிந்து வந்து சாயங்காலம் பார்த்தாலும் போதும். கடைசியாக அடித்த பிறகு எத்தனை மில்லிமீட்டர் சேர்ந்தது என்று கூட்டிக்கொண்டே வாருங்கள். 25 ஆனதும் யோசிக்க ஆரம்பியுங்கள். கொத்து புதிதாக நீண்டுகொண்டிருக்கும் வாரத்தில், மழை இல்லாவிட்டாலும் புதிதாக வந்த பகுதியில் மருந்து கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். உள்ளே ஊடுருவும் மருந்துகள், அதாவது டிஃபெனகோனசோல், அசாக்ஸிஸ்ட்ரோபின், கார்பெண்டசிம் போன்றவை, ஒரே வகையைத் தொடர்ந்து அடித்தால் பூஞ்சணம் பழகிவிடும். பழுப்பு அழுகல் பூஞ்சணத்தில் 1970களிலேயே பெனோமில் மருந்துக்கு இது நடந்தது. கார்பெண்டசிம் அதே குடும்பம்தான். போத்தலில் பெயர் வேறாக இருக்கும், கடையில் வேறு கம்பெனி என்பார்கள், உள்ளே சரக்கு ஒரே வகை. லேபிளில் பிராக் (FRAC) எண், அதாவது மருந்து எந்த வகை என்று காட்டும் எண், போட்டிருக்கிறதா பாருங்கள். 1, 3, 11 என்று இருக்கும். அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே எண் வர விடாதீர்கள். மேங்கோசெப், செம்பு மாதிரி எம் (M) என்று போட்டிருக்கும் வகைக்கு இந்தப் பயம் குறைவு, அதனால் அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, பெரிய மழை ராத்திரி வரும் என்று தெரியும்போது மட்டும் ஊடுருவும் மருந்தை எடுங்கள். செம்பு மருந்தை விரிந்த பூவில் அடிக்க வேண்டாம், பூவைக் கருக்கக்கூடும்.

லேபிளில் மாமரம் என்று பயிர்ப் பெயர் இருக்கிற மருந்துதான் வாங்க வேண்டும். அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதும் அதில் இருக்கும். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) வாங்கிய மருந்தை மாவுக்கு ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறுவதில்லை. அந்தப் பழத்தை நம் பிள்ளைகள்தான் சாப்பிடுகிறார்கள்.


தாமான்வாசி, கூலிம்

அக்கா, மழைமானியில் கூட்டிக்கொண்டு வருவது என்னால் முடியும். இந்தப் பருவத்தில் பாதி மரத்துக்கு அப்படிச் செய்கிறேன், மீதிக்கு வழக்கம்போல வாரக் கணக்கு. எது தேறுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.


செம்மண்ரோடு, சுங்கைப்பட்டாணி

மழையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள எதைப் பார்க்கிறீர்கள்? மைசுவாச்சா என்கிற வானிலைச் செயலியில் தினமும் 'பிற்பகலில் இடியுடன் மழை' என்றுதான் வருகிறது.


கெடாகிராணி, குரூண்

ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர், இந்தப் பருவமாற்ற மாதங்களில் அப்படித்தான் வரும், தப்பில்லை. பூ எடுக்கிற ஜனவரி, பிப்ரவரியில் அதே செயலி அதிகம் உதவும். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் மழை காட்டினால் அதுதான் நமக்கு எச்சரிக்கை. முந்தின நாள் காலையில் அடித்து, படலம் நன்றாகக் காய நேரம் கொடுங்கள். மத்தியானம் 3 மணிக்கு ஜெராய் உச்சியை மேகம் மூடி, காற்று மலைப்பக்கமிருந்து திரும்பினால் என் தோட்டத்தில் பெரும்பாலும் சாயங்காலம் மழைதான். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும், பழைய ஆட்களைக் கேளுங்கள்.


டுரியான்_பாலிங், பாலிங்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். டுரியானுக்கும் இந்த ஈரக் கணக்கு செல்லுமா? அடிமரத்தில் பட்டை கசிந்து சிவப்பாகச் சாறு வடிகிறது.


நாற்றங்கால்_அக்கா, சுங்கைப்பட்டாணி

அது பைட்டோப்தோரா. உண்மையான பூஞ்சணம் இல்லை, தண்ணீரில் நீந்துகிற வித்து உள்ள இனம். மேங்கோசெப்பை நம்பி இருக்காதீர்கள். அடிமரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் வடிகால் வெட்டுங்கள், கசிகிற பட்டையைச் சீவிச் சுத்தம் செய்யுங்கள். பாஸ்பரஸ் அமில மருந்தை மரத்தில் ஊசி போடும் முறை இருக்கிறது. தனி இழை தொடங்குங்கள், படம் போடுங்கள், அங்கே விரிவாகப் பேசலாம்.


முர்ரேகரை, விக்டோரியா

ஐயா எழுதியதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. நாங்கள் இங்கே பீச் மரத்தைக் கிண்ணம் போல நடுவில் திறந்துவிட்டுக் கவாத்து செய்கிறோம். வெயில் நடுமரம்வரை இறங்கும், மழை விட்ட பிறகு சீக்கிரம் காயும். தம்பியின் மரங்கள் எப்படி இருக்கின்றன? நம் ஊரில் மாமரத்தை வெட்ட மனசு வராது என்பது எனக்குத் தெரியும்.


லயத்துக்கொல்லை, பீடோங்

அண்ணே, நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஹருமானிஸ் பக்கம் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன, கீழே நின்றால் வானமே தெரியவில்லை. முந்தாநாள் பெய்த மழையின் ஈரம் உள்ளே இலைக்கடியில் இன்னும் இருக்கிறது. போன பருவத்துக் கருகிய கொத்துகள் கறுப்புக் குச்சியாக அப்படியே நிற்கின்றன. ஒன்றை ஒடித்து வந்திருக்கிறேன், சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் அதில் தெரிகின்றன. சொக்கனான் பக்கம் வரிசை அகலம், அங்கே தரையே காய்ந்து கிடக்கிறது. எனக்கு அந்தப் பக்கம்தான் எப்போதும் காய் தேறும். ரகம் நல்ல ரகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.


கெடாகிராணி, குரூண்

ரகமும் ஒரு காரணம்தான், சொக்கனான் வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பூக்கும், ஒரு பூ போனாலும் இன்னொன்று வரும். ஹருமானிஸ் அப்படி இல்லை, வறட்சி பிடித்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். பெர்லிஸில் அது சிறப்பாக வருவதற்கு அந்த வறட்சியும் காரணம். ஆக ஹருமானிஸ் பக்கம்தான் நீங்கள் அதிகம் உழைக்க வேண்டும்.

இந்த வருட அறுவடை முடிந்ததும் கவாத்து. நடுவில் நேராக ஏறும் இரண்டு மூன்று தடித்த கிளைகளை எடுங்கள், உள்ளே காய்ந்த குச்சி, கருகிய கொத்து ஒன்று விடாமல் ஒடித்து எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டு போங்கள். மரத்தடியில் குவித்து வைக்காதீர்கள், மழைத்துளி தெறித்தால் அங்கிருந்தே ஏறும். தாமதிக்காமல் செய்தால்தான் புதுத் தளிர் முற்றி ஜனவரிக்குள் பூவுக்குத் தயாராகும். தளிர் வரும் நேரத்திலும் இந்த நோய் இளம் இலையைப் பிடிக்கும், அப்போதும் நோட்டை எடுங்கள்.


நாற்றங்கால்_அக்கா, சுங்கைப்பட்டாணி

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பீச்சில் பச்சைக் காயில் ஒளிந்திருந்து பழுக்கும்போது வெளியே வரும் என்றாரே அண்ணன், மாவிலும் அதே கதை. காய் பறிக்கும்போது பளபளவென்று இருக்கும், வாங்கியவர் வீட்டில் நான்காம் நாள் கறுப்பு. காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர் வழிந்த தடம் போல கறுப்புக் கோடுகள் இருந்தால், கருகிய கொத்திலிருந்து மழைநீர் காய்மேல் வழிந்திருக்கிறது என்று அர்த்தம். கோழிமுட்டை அளவு வந்ததும் காகிதப் பை கட்டுங்கள், பழ ஈக்கும் அதுவே காவல். பறித்த பிறகு 52 முதல் 55 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் முக்கி எடுத்தால் தோலுக்கடியில் இருக்கும் நோய் நன்றாகக் குறையும். தெர்மாமீட்டர் இல்லாமல் கையால் பார்த்துச் செய்யாதீர்கள், சூடு கூடினால் தோல் வெந்துவிடும். முதலில் நாலைந்து காயில் செய்து பாருங்கள்.


லயத்துக்கொல்லை, பீடோங்

அக்கா, ஐயா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. மழைமானி வாங்கியாச்சு, வேலிக் கம்பத்தில், மரநிழல் படாத இடத்தில் கட்டியிருக்கிறேன். நோட்டில் அம்மா எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், காலையில் வீட்டில் இருப்பது அவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. பூ நேரத்தில் கொசுத்தேனீயும் ஈயும் மொய்த்துக்கொண்டிருக்கும். காலை 9 மணிக்கு ஈரம் காய்ந்த பிறகு அடித்தால் அவற்றுக்கு ஆபத்தில்லையா?


நாற்றங்கால்_அக்கா, சுங்கைப்பட்டாணி

கவனித்துக் கேட்டதற்குச் சந்தோஷம். மாவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களின் பங்கு பெரியது. அவை காலையில் வெயில் ஏற ஏறத்தான் அதிகம் வரும். அதனால் பூ முழுக்க விரிந்திருக்கும் நாட்களில் சாயங்காலம் 5 மணிக்கு மேல், மழை வராது என்று தெரிந்தால் அடியுங்கள், இருட்டுவதற்குள் காயும்படி மெல்லிய துளியாக. மழை வரும் என்றால் விடிந்ததும், கொத்தை லேசாக உலுக்கிப் பனியை உதிர்த்துவிட்டு அடியுங்கள். பூச்சி மருந்தைப் பூஞ்சண மருந்தோடு ஒரே பம்பில் கலக்க வேண்டாம்.


லயத்துக்கொல்லை, பீடோங்

சரி அக்கா. முதல் கொத்து கிளம்பியதும் அம்மாவின் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து இங்கேயே போடுகிறேன்.